நிலைக்காது என்று தெரிந்த கண்

கண் வங்கிக்கு ஒரு கார்னியா வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பவர்கள் இரண்டு பேர். முதலாமவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவருக்கு வைத்தால் பல வருடம் தாங்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாமவருக்கு ஒரு கண் நன்றாகவே தெரிகிறது. மற்ற கண்ணில் ஒரு விசித்திரமான நோய். கார்னியாவை மாற்றினாலும் நோய் போகாது. மாற்றி வைத்ததும் சில வருடங்களில் கெட்டுப்போகலாம். யாருக்குக் கொடுப்பீர்கள்?

பெரும்பாலானோர் யோசிக்காமல் முதலாமவரைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு கண்ணும் தெரியாதவர் எங்கே, ஒரு கண் தெரிபவர் எங்கே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பதில் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலுக்குள் மூன்று தனித்தனித் தீர்ப்புகள் ஒளிந்திருக்கின்றன. வேரைத் தொடாத வைத்தியம் வைத்தியமே இல்லை என்பது ஒன்று. ஒரு கண் இருந்தால் போதும் என்பது இன்னொன்று. நீண்ட நாள் நிலைக்காததற்கு மதிப்புக் குறைவு என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்துவைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

*

முதலில் அந்த நோய். அதன் பெயர் ஐரிடோகார்னியல் எண்டோதீலியல் சிண்ட்ரோம். மருத்துவர்கள் சுருக்கமாக ஐசிஇ என்பார்கள். அரிதானது. பெரும்பாலும் இளம் வயதிலும் நடுவயதிலும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக, அனேகமாக ஒரே ஒரு கண்ணில் வரும். பரம்பரையாக வருவதில்லை.

கார்னியா என்பது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி. கண்தான விளம்பரங்களில் 'கருவிழி' என்று எழுதுவது இதைத்தான், ஆனால் அதற்குக் கருப்பு நிறமே கிடையாது. நாம் பார்க்கும் கருப்போ பழுப்போ அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறம். கார்னியாவின் மொத்தத் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது, எண்டோதீலியம். நல்ல கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 முதல் 3,000 செல்கள், தேன்கூடு மாதிரி நெருக்கமாக. இவற்றின் வேலை தண்ணீர் இறைப்பது. கண்ணுக்குள் இருக்கும் திரவம் கார்னியாவுக்குள் கசிந்துகொண்டே இருக்கும், இவை அதை இறைத்துக்கொண்டே இருக்கும். இறைப்பது நின்றால் கார்னியா ஊறி, உப்பி, மங்கிவிடும். இந்தச் செல்கள் செத்தால் புதிதாகப் பெருகி இடத்தை நிரப்புவதும் இல்லை. பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் அகலமாகி ஓட்டையை மூடும், அவ்வளவுதான்.

ஐசிஇயில் இந்தச் செல்களில் ஒரு கூட்டம் குணம் மாறிவிடுகிறது. இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் நகர ஆரம்பிக்கின்றன. கண்ணின் நீர் வடிகிற மூலையைத் தாண்டி ஐரிஸின் மேல் ஒரு மெல்லிய சவ்வாகப் படர்கின்றன. பிறகு அந்தச் சவ்வு சுருங்கி ஐரிஸை இழுக்கிறது. நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய கண் பாவை ஓரத்துக்கு நகர்ந்து கோணலாகிறது. எதிர்ப்பக்கம் ஐரிஸ் இழுபட்டு, மெலிந்து, ஓட்டை விழுகிறது. பார்ப்பவர்களுக்கு ஒரே கண்ணில் இரண்டு மூன்று பாவைகள் இருப்பதுபோலத் தெரியும். வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். க்ளௌக்கோமா என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான்.

1956இல் அமெரிக்கக் கண் மருத்துவர் பால் சாண்ட்லர் இதன் ஒரு வடிவத்தை விவரித்தார். 1969இல் கோகன், ரீஸ் என்ற இருவர் ஐரிஸில் சிறு முடிச்சுகள் தெரியும் இன்னொரு வடிவத்தை எழுதினார்கள். ஐரிஸ் தேய்ந்து ஓட்டையாகும் வடிவம் அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. மூன்றும் மூன்று நோய்கள் என்றே நினைத்திருந்தார்கள். 1978இல் கேம்ப்பெல்லும் அவரது சகாக்களும்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது கார்னியாவிலிருந்து கிளம்பும் ஒரே சவ்வு என்று விளக்கினார்கள். அந்தச் செல்கள் ஏன் குணம் மாறுகின்றன என்பதற்கு இன்றும் உறுதியான பதில் இல்லை. ஹெர்பிஸ் வைரஸின் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது.

*

இதற்கு என்ன ஆபரேஷன் செய்கிறார்கள்?

அழுத்தம் சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால், கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு சிறு திறப்பு வைத்து நீர் வெளியேற வழி செய்வார்கள். ஆனால் படர்கிற அந்தச் சவ்வு புதுத் திறப்பின் மேலும் படர்ந்து அதை மூடிவிடலாம். அப்போது ஒரு மெல்லிய குழாயைக் கண்ணுக்குள் விட்டு, அதன் தகட்டை வெளியே, மேல்தோலுக்கு அடியில் தைத்து வைப்பார்கள். வெளிநாட்டுக் கருவிகளின் விலை நம் ஊரில் பலருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 2013 முதல் தன் சொந்தக் குழாயைக் குறைந்த விலைக்குத் தயாரிக்கிறது.

கார்னியா மங்கிவிட்டால் மாற்ற வேண்டும். முன்பெல்லாம் முழுத் தடிமனையும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்ததை வைத்துத் தைப்பார்கள். கடந்த இருபத்தைந்து வருடங்களில் நெதர்லாந்தின் கெரிட் மெல்லெஸ் போன்றவர்களால் இது மாறிவிட்டது. இப்போது கெட்டுப்போன உள்ளடுக்கை மட்டும் உரித்துவிட்டு, புது உள்ளடுக்கை மட்டும் வைக்க முடிகிறது. இந்த முறைகளில் மிக மெல்லியதில் வைக்கப்படும் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம்தான். பாய் மாதிரி தானே சுருண்டுகொள்ளும். அதைக் கண்ணுக்குள் விட்டு, விரித்து, கீழே ஒரு காற்றுக் குமிழியை ஊதி மேலே ஒட்டவைப்பார்கள். நோயாளி கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், காற்று அதைத் தாங்கிப் பிடிப்பதற்காக. ஐரிஸ் கோணலாகி, கார்னியாவோடு ஒட்டி, ஓட்டையாகிப் போன கண்ணில் இதைச் செய்வது இன்னும் கஷ்டம். கூச்சமும் இரட்டைப் பிம்பமும் தாங்க முடியாதவர்களுக்குப் பாவையைத் தைத்துச் சரிசெய்வதும் உண்டு.

கவனித்தீர்களா? இவற்றில் எதுவுமே மூல காரணத்தைத் தொடவில்லை. அழுத்தத்துக்கு ஒரு வைத்தியம், மங்கலுக்கு ஒரு வைத்தியம், கோணலுக்கு ஒரு வைத்தியம். நோய் அதுபாட்டுக்கு இருக்கிறது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கள் தொழிலில் 'ரூட் காஸ்' என்பது கிட்டத்தட்ட மதம். மூல காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலோட்டமாக ஒட்டுப் போடுபவனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டால் அதே ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் ரீஸ்டார்ட் பண்ணுவார்கள். "முதல்ல மேல கொண்டு வா, காரணத்தைக் காலையில பாத்துக்கலாம்." அந்த நேரத்தில் மறுபக்கம் ஒருவர் டிக்கெட் எடுக்க முடியாமல், பணம் அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நம் மூல காரணத்தின் மேல் எந்த அக்கறையும் இல்லை.

மருத்துவத்தின் பெரும்பகுதி இந்த ராத்திரி ரெண்டு மணி வேலைதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் வேரைத் தொடுவதில்லை. மூக்குக் கண்ணாடி கிட்டப்பார்வையின் வேரைத் தொடுவதில்லை. தினமும் கழற்றி வைக்கிறோம், மறுநாள் மாட்டிக்கொள்கிறோம், அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. வேரைத் தொடவில்லை என்பது அறிவியலுக்கு மிச்சமிருக்கும் வேலை. அதை நோயாளியின் தகுதிக்குறைவாக மாற்றுவது நியாயமில்லை. முதல் தீர்ப்பு இங்கேயே விழுந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

*

இரண்டாவது, ஒரு கண் போதும் என்பது.

முன்பு என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்திக்கு இந்த நோய் இருக்கிறது. முப்பத்தி நாலு வயது, இடது கண். ஆரம்ப நாட்களைப் பற்றி ஒருமுறை சொன்னாள்: "காலையில எந்திரிச்சா இந்தக் கண்ணு பனி மூட்டம் மாதிரி இருக்கும்டா. பதினோரு மணிக்கு மேல தெளிஞ்சிரும். சாயங்காலம் டாக்டர்கிட்ட போய் உக்காந்தா எல்லா எழுத்தும் படிக்கிறேன். எனக்கே நான் பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு."

அவள் சொன்னது பொய் இல்லை. ராத்திரி முழுக்க இமை மூடியிருப்பதால் கார்னியாவிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை. பலவீனமான செல்களால் தனியாக இறைத்து முடிக்கவும் முடியாது. அதனால் காலையில் ஊறிப்போயிருக்கும். கண் திறந்து சில மணி நேரம் ஆனதும் காற்றில் ஆவியாகித் தெளியும். இந்த நோயின் பழைய அடையாளங்களில் இது ஒன்று.

இப்போது அவளுக்குச் சாயங்காலமும் தெளிவதில்லை. நான் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன், வலது கண்ணால் சமாளிக்க முடியாதா என்று. "சமாளிக்கலாம். ஆனா இது சும்மா இருந்தாத்தானே? இது அதோட பங்குக்கு ஒரு படம் காட்டிக்கிட்டே இருக்கு. ராத்திரி எதிர்ல வர்ற வண்டி லைட் இந்தக் கண்ணுல நாலா தெரியும். நல்ல கண்ணு பாக்கறதையும் இது கெடுக்குது. பேசாம மூடி வெச்சுக்கிட்டா நிம்மதியா இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "இன்னொன்னும் இருக்கு. இப்ப வலது கண்ணுல தூசி விழுந்தாக்கூட பயமா இருக்கு."

ஒரு கண் போதும் என்று சொல்லும்போது நாம் கண்ணை எண்ணுகிறோம், சிறுநீரகத்தை எண்ணுவதுபோல. ஒரு சிறுநீரகம் போனால் மற்றது பெரும்பாலும் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். கண் அப்படி இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்துதான் ஆழத்தைக் கணக்கிடுகின்றன. படி இறங்குவது, ஊசியில் நூல் கோப்பது, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தக் கணக்கில் நடப்பவை. கெட்ட கண் நல்ல கண்ணின் வேலைக்குள் மூக்கை நுழைக்கவும் செய்யும். மிஞ்சியிருப்பது ஒன்றுதான் என்ற பயம் எந்தப் பரிசோதனைப் பலகையிலும் தெரியாது.

அதற்காக இந்தத் துன்பமும் இருட்டும் ஒன்று என்று சொல்ல முடியுமா? முடியாது. தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1991இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஓர் உரையில் இந்த மாதிரி இடங்களுக்கு உதவுகிற ஒரு பார்வையை வகுத்தார். எல்லோரையும் சமமாக்குவது நம் கவலை இல்லை; ஆனால் யார் அதிகம் கீழே இருக்கிறாரோ, அவருக்குச் செய்யும் அதே அளவு நன்மைக்கு அதிக எடை உண்டு. இதை நான் ஏற்கிறேன். ஆனால் இது சொல்வது அதிக எடை என்றுதான். மற்றவருக்கு எடையே இல்லை என்று இது சொல்லவில்லை. 'போதும்' என்ற சொல் அந்த இரண்டாவது வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

*

மூன்றாவதுதான் கடினம். நிலைக்காது என்று தெரிந்தும் கொடுக்கலாமா? ஐசிஇ கண்ணில் வைத்த கார்னியா மற்றப் பல நோய்களில் வைத்ததைவிடச் சீக்கிரம் பழுதாகிறது. மறுபடி மாற்ற வேண்டிவருவது அபூர்வம் இல்லை. ஒவ்வொரு முறையும் இன்னொரு மனிதர் இறந்து கொடுத்தது.

பெரிய புராணத்தின் கண்ணப்பரை நம் ஊரில் கண்தானத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். காளத்தியில் இறைவனின் கண்ணில் ரத்தம் வருவதைப் பார்த்து, அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பினார். மற்ற கண்ணிலும் ரத்தம் வர, இடம் தெரிவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு அடுத்ததையும் எடுக்கப் போனார். ஆனால் யோசித்தால் கண்ணப்பரின் கொடைக்கும் இன்றைய கண்தானத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவருக்கு யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியும். ரத்தம் நின்றதை அவரே பார்த்தார். இன்று கொடுப்பவர் எதையும் பார்ப்பதில்லை. யாருக்குப் போகிறது என்பதைக் குடும்பத்துக்குச் சொல்வதும் வழக்கமில்லை. நல்லவருக்கா, வயதானவருக்கா, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எந்த நிபந்தனையும் போடாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அப்படிக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? அந்தத் திசுவை முடிந்தவரை நீண்ட காலம் உயிரோடு வைத்திருப்பதுதான் கடன் என்றால், ஐசிஇ நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. ஆனால் திசு நீடிப்பது ஒரு வழிதானே தவிர நோக்கம் இல்லை. கொடுத்தது ஒரு மனிதர் பார்ப்பதற்காக.

1905 டிசம்பர் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் ஒலொமோட்ஸ் நகரத்தில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு கூலித் தொழிலாளிக்குக் கார்னியா வைத்தார். விபத்தில் காயம்பட்டு எடுக்க வேண்டிவந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கிடைத்தது அது. இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று தோற்றது, ஒன்று நின்றது. மனிதனுக்கு மனிதக் கார்னியா வைத்து வென்ற முதல் ஆபரேஷன் அது. 'நிலைக்கும் என்று உறுதியானால்தான் வைப்பேன்' என்று அவர் இருந்திருந்தால் இன்று பங்கிட நம்மிடம் எதுவும் இருந்திருக்காது.

ஆனால் இந்த உதாரணத்தை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. 'எதுவுமே நிரந்தரமில்லை, ஆகவே எதையும் செய்யலாம்' என்பது சோம்பேறித் தத்துவம். அப்படிச் சொன்னால் எந்தக் கண்ணுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாகிவிடும். எனக்குப் படுகிற அளவுகோல் வேறு. ஜன்னல் எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, ஜன்னலுக்குப் பின்னால் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பது. க்ளௌக்கோமாவில் பார்வை நரம்பு செத்திருந்தால் கார்னியா எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. போன நரம்பு திரும்பாது. அந்தக் கண்ணுக்கு வேண்டாம் என்று சொல்வது கொடுமையாகாது. நரம்பு உயிரோடு இருக்கிறது, அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால், நான்கு வருடமோ ஆறு வருடமோ கிடைக்கும் தெளிவு அந்த நான்கு ஆறு வருடங்களின் முழு மதிப்பும் உடையது. முப்பத்தி நாலு வயதில் அது ஒரு குழந்தை எழுத்து படிக்கிற காலமாக இருக்கலாம்.

*

இப்போது முதல் பத்தியில் வைத்த புதிருக்கு வரலாம். அந்தப் புதிரே கொஞ்சம் கோணலாகப் போடப்பட்டது.

இரண்டு கண்ணும் தெரியாத அந்த முதலாமவரின் பிரச்சினை கார்னியாவின் முன்பகுதியில் விழுந்த தழும்பு என்றால், அவருக்குத் தேவை முன்னடுக்கு. ஐசிஇ நோயாளிக்குத் தேவை உள்ளடுக்கு. ஒரே கார்னியாவைப் பிரித்து இருவருக்கு வைத்ததும் மருத்துவத்தில் நடந்திருக்கிறது. எந்த அடுக்குக்கு என்ன தரம் வேண்டும் என்பதும் வேறு வேறு. ஆக, யாருக்குக் கொடுப்பது என்று நாம் தீவிரமாக அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இருவரும் போட்டியாளர்களாகவே இல்லாமல் இருக்கலாம்.

சரி, இருவருக்கும் உள்ளடுக்குதான் தேவை, ஒன்றுதான் இருக்கிறது என்றே வைப்போம். அப்போது இருட்டில் இருப்பவருக்கு முதலில். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 'முதலில்' என்ற சொல்லுக்கு அர்த்தம், வரிசையில் இன்னொருவரும் நிற்கிறார் என்பது. முன்னுரிமை வரிசையை ஒழுங்குபடுத்தும் விதி. யாருடைய பெயரையும் வரிசையிலிருந்து அழிக்க அதற்கு அதிகாரமில்லை. நடைமுறையில் நழுவுவது இந்த இடத்தில்தான். 'உங்களுக்குப் பிறகு' என்பதும் 'உங்களுக்கு எதற்கு' என்பதும் காத்திருப்பவர் காதில் ஒரே மாதிரி விழலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அவர் காத்திருக்கும் காலத்தில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டியதும் நம் கடமை. அந்தக் குழாய்க்கு யாரும் சாக வேண்டியதில்லை, அது தொழிற்சாலையில் செய்வது. அதையும் தள்ளிப்போட்டு நரம்பைச் சாகவிட்டு, பிறகு 'இந்தக் கண்ணுக்குப் பயனில்லை' என்று சொன்னால், அந்தப் பயனின்மையை உண்டாக்கியது நாம்தான்.

*

இவ்வளவும் பற்றாக்குறையை ஒரு இயற்கை விதிபோல வைத்துக்கொண்டு பேசியது. அது விதி இல்லை.

116 நாடுகளின் 2012ஆம் ஆண்டு நிலவரத்தைத் தொகுத்த ஓர் ஆய்வின்படி அந்த ஒரு வருடத்தில் சுமார் 1,85,000 கார்னியா மாற்று ஆபரேஷன்கள் நடந்தன. தேவைப்படும் 70 பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்று அது மதிப்பிட்டது. ஜப்பானில் ஷிகேரு கினோஷிதாவின் குழு எண்டோதீலியல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஊசி மூலம் கண்ணுக்குள் செலுத்தி, 11 நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளை 2018இல் வெளியிட்டது. 2023இல் அந்த நாடு இந்தச் சிகிச்சைக்கு அனுமதியும் கொடுத்தது. ஒருவரின் கார்னியாவிலிருந்து பலருக்குச் செல்கள் கிடைக்கும். இது பரவினால் நம் புதிர் பாதி காலாவதியாகும். எல்லா ஊருக்கும் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற விலையில் வருவதற்கு எத்தனை காலமோ.

அதுவரைக்கும் இருப்பது பழைய வழிதான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோய் இருந்தவர், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் என யாரும் கொடுக்கலாம். வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் கெடாது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சாவு வீட்டில் அந்த ஆறு மணி நேரத்தை யார் கவனிக்கிறார்கள்? சொந்தக்காரர்களுக்கு போன் போடுகிறார்கள், ஃப்ரீஸர் பெட்டிக்குச் சொல்கிறார்கள், பந்தலுக்குச் சொல்கிறார்கள். கண் வங்கிக்குச் சொல்வது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாததால் மணி போய்விடுகிறது. யாருக்குக் கொடுப்பது என்று விடிய விடிய விவாதிக்கிற நாம், ஒவ்வொரு நாளும் அதைவிட அதிகமானதை எரித்தும் புதைத்தும் விடுகிறோம்.

யாருக்கு முதலில் என்பதைக் கண் வங்கியும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். அவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்க வேண்டும். ஆனால் அடுத்த முறை ஒரு சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, கண்ணுக்குச் சொல்லியாச்சா என்று வீட்டு ஆட்களில் ஒருவரை மெதுவாகத் தனியே கூப்பிட்டுக் கேட்கலாம். சங்கடமாகத்தான் இருக்கும். சிலர் முறைப்பார்கள். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.